தெரியாதுங்க

1

என் மகள் எழுதிய ஒரு வாக்கியத்தால் ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அதை ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறாள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘தோட்ட மக்களிடம் தங்கள் இடத்தைப் பற்றியும் தங்கள் முன்னோரைப் பற்றியும் அறிவு எஞ்சியிருக்கவில்லை. எதைக் கேட்டாலும் தெரியாது என்றே பதில் வந்தது.’

மீரா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறாள். மருத்துவம் படி, இல்லையென்றால் கணக்காவது படி என்று ஊர் உலகத்துத் தகப்பன்மார் எல்லோரையும் போல நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இப்போது பட்டத்துக்கான ஆய்வுக்கட்டுரை எழுதுகிறாள். விஷயம் என்னவென்று ஒரு நாள் சமையலறை மேசையில் வைத்து பாதித் தமிழிலும் பாதி ஜெர்மனிலும் எனக்கு விளக்கினாள். அறிவு என்பது எங்கோ பத்திரமாக இருக்க, நாம் போய் எடுத்துக்கொண்டு வரும் சாமான் இல்லையாம். ஒரு காலத்தில் எதைக் கேள்வியாகக் கேட்க முடியும், எது பதிலாக எடுபடும், யார் வாயிலிருந்து வந்தால் அது அறிவு, யார் வாயிலிருந்து வந்தால் அது வெறும் பேச்சு, இதையெல்லாம் வரலாறு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறதாம்.

“விளங்குதோ அப்பா?” என்று கேட்டாள். விளங்கியது. இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது விளங்க இத்தனை வருடம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் என்னிடம் கேட்க வேண்டிய விஷயம் இது என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு விளங்கப்படுத்த வேண்டிய விஷயம் என்றுதான் தோன்றியிருக்கிறது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு அந்தத் ‘தெரியாது’ எப்படிப்பட்டதென்று சொல்லத் தேவையில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா? வெளியார் யாராவது படித்தால் அவர்களுக்காகத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

2

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பெயர். ஒன்று காகிதப் பெயர். முதலில் வந்த வெள்ளைக்காரத் துரை, ஸ்கொட்லாந்தில் தான் விட்டுவந்த கிராமத்தை நினைத்து வைத்தது. மற்றது மூங்கிலடி. அதை நாங்கள் வைத்தோம். தபாலும் சம்பளச் சீட்டும் காகிதப் பெயரில் வரும். மனிதர்கள் மூங்கிலடிக்குத்தான் வருவார்கள். பஸ் கண்டக்டர் சிங்களவர், அவரே “மூங்கிலடி பஹின்ட” என்றுதான் இறங்கச் சொல்லுவார்.

அங்கே பிள்ளைகளுக்கு நடக்க வருவதற்கு முன்னால் ஒரு சொல் வந்துவிடும். தெரியாதுங்க. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் துரை நின்று, காட்டு மரத்தை யார் வெட்டினது என்று கேட்பார். மொத்தக் களமும் தெரியாதுங்க என்று சொல்லும். வெட்டினவனும் சொல்லுவான், வெட்டும்போது கிளையைப் பிடித்தவனும் சொல்லுவான். துரைக்குப் பக்கத்தில் நிற்கும் கண்டாக்கு ஐயா, மலையில் வேலை மேற்பார்க்கிறவர், அவருக்கும் யாரென்று தெரியும். ஆனாலும் அந்தப் பதில்தான் அன்றைக்குச் செல்லும்.

என் அக்கா ராஜம்மாவுக்கு அப்போது முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியாட்களை லயத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டு கண்டாக்கு வாசலுக்கே வந்துவிட்டார். அக்கா கதவை மறித்து நின்றாள். வீட்டுக்கு யார் வந்திருப்பது என்று கேட்டார். தெரியாதுங்க என்றாள். உள்ளே ஆம்பிளைக் குரல் கேட்கிறதே என்றார். தெரியாதுங்க என்றாள்.

“ஒங்கப்பன் பேராவது தெரியுமா?”

“தெரியாதுங்க.”

கண்டாக்கு சிரித்துவிட்டார். தோட்டக்காட்டு மண்டைக்குள் களிமண்தான் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார். அம்மா அக்காவைக் கூப்பிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பெரிய கருப்பட்டித் துண்டை எடுத்துக் கையில் வைத்தாள். எனக்குத் தரவில்லை. எங்கள் வீட்டில் அறிவுக்குக் கிடைத்த முதல் பரிசு அது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் தெரிந்த பிள்ளைக்குப் பரிசு, வீட்டில் ஒன்றும் தெரியாத பிள்ளைக்குப் பரிசு. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் வளர்ந்தோம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பதை எங்கள் ஆட்களைப் போல மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் அப்படி மூடின வாய்க்கு அறியாமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் கண்டாக்கு வைத்தார். இப்போது என் மகள் வைத்திருக்கிறாள்.

3

நான் இந்த ஜெர்மனிக்கு வந்து இறங்கியபோது கையில் கொண்டுவந்ததும் அந்தச் சொல்தான். அகதி விசாரணையில் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நான். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். பிறந்த ஊர் எது என்றார் அதிகாரி. மூங்கிலடி என்றேன். வரைபடத்தில் அப்படி ஓர் ஊர் இல்லை. உன் தகப்பனின் பிறந்த தேதி? தெரியாதுங்க. உன் பாட்டனார் இந்தியாவில் எந்த ஊர்? தெரியாதுங்க. உங்கள் ஊரில் பொலிஸ் நிலையம் எந்தத் தெருவில்? அதுகூடத் தெரியும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் கேட்டால் என் நாக்கு தன்பாட்டில் ஒன்றைத்தான் சொல்லும்.

“தம்பி, கேக்கிற எல்லாத்துக்கும் தெரியாது எண்டால் இவை உம்மை நம்பமாட்டினம்,” என்றார் பெரியவர். அவருக்கு என் மேல் இரக்கம்தான். ஆனால் அந்த ‘ங்க’வை அவர் மொழிபெயர்க்கவில்லை. ஜெர்மனில் அதற்கு இடமும் இல்லை. எனக்குத் தெரியாது என்ற மொட்டை வாக்கியம் மட்டும் அதிகாரியின் பக்கம் போனது. உங்கள் கையில் என் சோறு இருக்கிறது, நான் சொன்னால் யாருக்கோ கெடுதல் வரும், தயவு செய்து இதோடு விட்டுவிடுங்கள் என்பதெல்லாம் என் பக்கத்திலேயே தங்கிவிட்டது. நம்பகத்தன்மை இல்லை என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு, வக்கீல், வருடாவருடம் தாற்காலிக அனுமதி என்று இழுபட்டுத்தான் இங்கே வேரூன்றினேன்.

அதற்குப் பிறகு மொழி வகுப்பு. தெரியும் என்பதற்கு ஜெர்மனில் இரண்டு வினைச்சொல். ஒரு செய்தியைத் தெரிந்திருந்தால் விஸ்ஸென். ஓர் ஆளையோ இடத்தையோ பழகித் தெரிந்திருந்தால் கென்னென். நான் இன்றைக்கும் இரண்டையும் மாற்றிப் போடுகிறேன். ரொட்டித் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். நம்முடைய தெரியும் வேறு மாதிரி. அறிந்திருந்தாலும் தெரியும், கண்ணுக்குப் பட்டாலும் தெரியும். பங்களாவிலிருந்து பார்த்தால் லயம் தெரியும். பங்களாவுக்கு லயத்தைத் தெரியாது. இதை அந்த வகுப்பு டீச்சருக்கு விளக்க என்னிடம் ஜெர்மன் போதவில்லை.

மீராவுக்குத் தமிழ் இருக்கிறது, ஆனால் என் தமிழ் இல்லை. அவள் அம்மா சாவகச்சேரிப் பக்கம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் யாழ்ப்பாணத்தவர்கள் நடத்தியது. ஆகவே ‘எங்கட’, ‘தெரியுமோ’ என்றுதான் பேசுவாள். என் பேச்சு கொச்சை என்று அந்தப் பள்ளியில் யாரோ சொல்லிவிட்டார்கள். சின்ன வயதில் ஒருமுறை வீட்டுக்கு வந்து, “அப்பா, நீங்கள் பள்ளிக்கு வந்தால் கதைக்காதைங்கோ,” என்றாள். நானும் கதைக்கவில்லை. அப்புறம் அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

4

போன வருடக் கடைசியில் ஆய்வுக்காக இலங்கைக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். கூட இரண்டு ஜெர்மன் தோழிகள். எனக்கு வாயெல்லாம் பல். அத்தையைப் பார், அக்காவுக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர இந்த உலகத்தில் வேறு ஆசையே இல்லை என்றேன். பொய்யில்லை. அக்காவுக்கு நெஞ்சு வருத்தம், இதய நோய். ஒவ்வொரு முறை பேசும்போதும், சாகிறதுக்குள்ள ஒருக்கா பாப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பாள். பாப்பாவின் சின்ன வயதுப் படங்கள்தான் அவளிடம் இருந்தன. வளர்ந்த பிறகு தன் படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது என்று மீரா சொல்லிவிட்டாள்.

நான் எல்லாம் ஒழுங்கு செய்கிறேன் என்றேன். வேண்டாம், நானே தேடிப் போகிறேன், அதுதான் ஆய்வு என்றாள். ஆகவே மூன்று விஷயம் மட்டும் சொன்னேன். மஸ்கெலியா, மூங்கிலடி, ராஜம்மா. அக்காவின் மகள் செல்வியின் போன் நம்பரையும் கொடுத்தேன். வீட்டில் போன் அவளிடம்தான் இருக்கிறது. சனி, ஞாயிறில் மீரா வருவாள் என்று அக்காவிடமும் சொல்லி வைத்தேன். காகிதப் பெயரைச் சொல்லவில்லை. அது எங்கள் ஊரின் பெயர் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவள் மலைநாட்டுக்குப் போன வாரக் கடைசியில் மீராவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. ‘அப்பா, உங்கட ஊர் எங்கேயும் இல்லை. ஒருத்தருக்கும் தெரியாது. நம்பரும் வேலை செய்யேல்லை.’ நான் தொழிற்சாலையில் இருந்தேன். ஓய்வில் எடுத்துப் பார்த்தபோது அவர்கள் நானுஓயாவில் ரயிலேறிவிட்டார்கள்.

அடுத்த நாள் அக்கா பேசினாள். கோழி அடித்துக் குழம்பு வைத்தாளாம். ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றி வைத்தாளாம். உட்கார வைக்கப் பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வைத்தாளாம். அப்புறம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோயில் முடக்கில், றோட்டோரம் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

“ஒவ்வொரு பஸ்ஸா பாத்தேன் தம்பி. வெள்ளக்காரங்க போற வேன் ஒண்ணுதான் மேல இருந்து வந்து போச்சு. பாப்பாவக் காணோம்.”

கோழிக் குழம்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு வந்தது, மகள் மேல். தேட மனமிருந்தால் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன்.

5

போன வாரம் மீரா கட்டுரையின் வரைவோடு வீட்டுக்கு வந்தாள். முதலில் சொன்ன வாக்கியத்தைப் படித்துக் காட்டினாள். அப்புறம் கணினியைத் திருப்பிப் படங்களைக் காட்டினாள். தோழிகளின் ஆசைக்காக ஒரு பழைய துரை பங்களாவில் இரண்டு இரவு தங்கினார்களாம். இப்போது அது உல்லாச விடுதி. துரை குளித்த தொட்டியைக்கூட அப்படியே வைத்திருக்கிறார்கள். நாங்கள் இருக்கும் நகரத்தில் ஒருகாலத்தில் நிலக்கரி தோண்டினார்கள். இங்கே அருங்காட்சியகத்தில் சுரங்கத் தொழிலாளியின் விளக்கும் தொப்பியும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் பாதுகாக்கப்பட்டது குளியல் தொட்டி.

“இது விறாந்தையில நிண்டு எடுத்தது. வடிவா இருக்கு, என்ன?” என்றாள்.

கீழே தேயிலை, அதற்கும் கீழே நீர்த்தேக்கம், நடுவில் லயம். தகரக் கூரையில் நீலத் தறப்பாள் கட்டிய வீட்டையும், அதை ஒட்டின பலா மரத்தையும், கோயில் கொடிமரத்தையும் பார்த்தேன். தறப்பாள் வாங்கப் பணம் அனுப்பியவன் நான். என் மகள் மூங்கிலடியின் உச்சியில் நின்றுகொண்டு மூங்கிலடியைத் தேடியிருக்கிறாள். கீழே றோட்டோரம் உட்கார்ந்திருந்த அத்தையைக் கடந்து போன வேனுக்குள் அவள்தான் இருந்திருக்கிறாள்.

அடுத்த படம் அதைவிட மோசம். விறாந்தை ஓரத்தில் தேநீர்த் தட்டோடு ஒரு பெண், சீருடையில், கமராவைப் பார்க்காமல் நிற்கிறாள். பின்னால் அதே லயம். பெண் செல்வி.

மீரா நடந்ததைச் சொன்னாள். விடுதி மேனேஜரிடம் மூங்கிலடி எங்கே என்று கேட்டிருக்கிறாள். அவர் கொழும்புக்காரர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அப்படி ஒன்று இல்லை என்றாராம். வேன் டிரைவர் கண்டி. அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் தட்டோடு வந்த இந்தப் பெண்ணிடம் தமிழில் கேட்டிருக்கிறாள். மூங்கிலடி தெரியுமோ? தெரியாது. ராஜம்மா எண்டு ஓராளைத் தெரியுமோ? தெரியாது. இங்கே ஆட்கள் எந்தக் காலத்தில் வந்தவை? தெரியாது. “பாவம் அப்பா,” என்றாள் மீரா. “அவைக்குத் தங்கட இடத்தின்ர பேரே தெரியாது.”

அவள் சொன்னதில் ‘ங்க’ இல்லை. கட்டுரையிலும் இல்லை. அந்த இரண்டு எழுத்து அவள் காதில் விழவே இல்லை.

செல்வியிடம் கேட்காமல் மீராவிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று, மறுநாள் மீரா நூலகத்துக்குப் போன பிறகு செல்வியைக் கூப்பிட்டேன். அங்கே அந்தி நேரம், வேலை முடிந்து வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அக்கா காதில் விழாமல் இருக்க வெளியே வந்தாள் போல, காற்றுச் சத்தம் கேட்டது.

“யாழ்ப்பாணத்து ஆளு மாதிரி பேசுனாங்க மாமா. முடிய கட்டையா வெட்டியிருந்தாங்க. யாரோ ஆபிஸ்காரங்கன்னு நெனச்சேன். மேனேஜரு வேற பக்கத்துல நிக்கிறாரு.”

முன்பு ஒரு தடவை யாரோ வந்து கூலி, வீடு என்றெல்லாம் கேட்டுப் பத்திரிகையில் போட்டார்களாம். பதில் சொன்ன பெண்ணை மறுவாரமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து வேலைக்கு வருகிறவர்களின் போன்களைக் கேட்டிலேயே வாங்கி, அணைத்து, மேசை லாச்சிக்குள் வைத்துவிடுகிறார்களாம். மீரா விறாந்தையில் நின்று கூப்பிட்ட போன் அந்த லாச்சிக்குள்தான் கிடந்திருக்கிறது.

மனசில் ஒன்றும் தட்டவில்லையா, உன் அம்மா பேரையே கேட்டிருக்கிறாளே என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

“தட்டுச்சு மாமா. ஆனா மாமா பொண்ணுன்னா லயத்துக்குத்தானே வரணும்? நம்ம ஆளு பங்களாவுல வந்து படுக்கும்னு நான் எப்படி நெனைக்கிறது?”

மீராவின் கட்டுரை முழுக்கத் தேடும் விஷயத்தைச் செல்வி ஒரே கேள்வியில் போட்டுவிட்டாள். ஆனால் அவள் தத்துவம் சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தாள். பங்களாவில் கட்டிலில் படுக்கிறவர்கள், பங்களாவில் கட்டில் விரிக்கிறவர்கள் என்று இரண்டு சாதி ஆட்களைத்தான் அந்த மலை இதுவரை கண்டிருக்கிறது. மூன்றாவதாக ஒருத்தி கண் முன்னால் நின்றாலும் அவளை வைக்க மனசில் இடம் இல்லை.

“அம்மாதான் மாமா சொல்லிக் குடுத்துச்சு,” என்றாள் செல்வி. “பங்களாவுல யாரு பேரச் சொல்லிக் கேட்டாலும் தெரியாதுங்கன்னு சொல்லிருன்னு. அம்மாட்ட சொல்லிராதீங்க மாமா. தாங்காது.”

சின்ன வயதில் கருப்பட்டி வாங்கித் தந்த பாடத்தை அக்கா மகளுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மகளும் ஒழுங்காகப் படித்திருக்கிறாள். அந்தப் பாடம்தான் கோழிக் குழம்போடு காத்திருந்தவளை ஏமாற்றிவிட்டது. யாரைத் திட்டுவது? நான் போனை வைக்கப் போகும்போது அக்கா வந்து வாங்கினாள்.

“பாப்பா ஏன் தம்பி வரல? எதும் கோவமா?”

“தெரியலக்கா,” என்றேன்.

6

நேற்று மீரா திரும்பிப் போகும் நாள். பையைக் கட்டி வைத்துவிட்டுக் கடைசியாகக் கணினியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தத் தேநீர்த் தட்டுப் படம் திரையில் இருந்தது. கட்டுரையில் அதைப் போடப் போகிறாளாம், கீழே பெயர் போட்டு நன்றி சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு நான் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்கிறாள்.

“அப்பா, இவ உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?”

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் மகள் என் ஊரைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்வி. பதில் வாய்வரை வந்தது. இவள் உன் மச்சாள், நீ கேட்ட ராஜம்மா உன் அத்தை, நீ நின்ற இடம்தான் மூங்கிலடி என்று சொல்லிவிட்டால் போதும். மீரா அழுவாள். அப்புறம் எழுதுவாள். உண்மையை எழுதாமல் அவளால் இருக்க முடியாது, அப்படித்தான் படித்திருக்கிறாள். கட்டுரை பல்கலைக்கழகத் தளத்தில் ஏறும். எந்த மொழியில் இருந்தாலும் போனை நீட்டினால் தமிழிலும் சிங்களத்திலும் படித்துக்கொள்ளும் காலம் இது. மேனேஜரும் படிப்பார். செல்வியின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, அக்காவுக்கு மாத்திரை வருகிறது. இதையெல்லாம் நான் யோசித்துப் பார்த்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். நாக்கு முந்திக்கொண்டது. காரணங்கள் பின்னால் வந்தன.

“தெரியாது,” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எதிர்பார்த்த பதில்தான். இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்து நான் கண்ட முன்னேற்றம், அந்தச் சொல்லில் இருந்து ‘ங்க’ உதிர்ந்ததுதான்.

படத்தைப் போடுவதென்றால் முகம் தெரியாமல் போடு என்று மட்டும் சொன்னேன். ஏனென்று கேட்கவில்லை. பெயர் தெரியாத ஆளின் முகத்தைப் போடக் கூடாது என்று அவர்களுக்கும் விதி இருக்கிறதாம். என் முன்னாலேயே செல்வியின் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து மங்கலாக்கினாள். இப்போது அந்தப் படத்தில் சீருடையும் தேநீர்த் தட்டும் இருக்கின்றன. பின்னால், கீழே, லயம் நன்றாகத் தெரிகிறது.